என் மகள் கையிலிருந்த செபமாலையை நான் கழற்றவில்லை

கடந்த நவம்பர் மழையில் அனகாபுத்தூரில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. காய்ச்சல் என்று படுத்த என் மகள் ஜெனி எழுந்திருக்கவே இல்லை. அவளுக்கு ஆறு வயது. குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. ஈறில் ரத்தம் கசிந்தது. அடுத்த பரிசோதனையிலும் இறங்கினால் ஐ.சி.யு.தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் பல்லாவரத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் வீட்டில் எல்லாரும் பெந்தெகொஸ்தே சபை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்களோடு சபைக்குப் போனேன். கைதட்டிப் பாடினேன். பூவை விட்டேன், நகையை விட்டேன். மாதா மரியாளிடம் வேண்டிச் சொல்லும் செபமாலையை மட்டும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் அதை ஜெனியின் கையில் சுற்றி வைத்திருந்தேன்.

ஜெபிக்க வந்த பாஸ்டர் அதைப் பார்த்தார். மரியாள் நல்ல ஸ்திரீதான், ஆனாலும் நம்மைப்போல் ஒரு மனுஷி, அவளிடம் வேண்டச் சொல்லி வேதத்தில் எங்கேயும் இல்லை என்றார். அதைக் கழற்றினால்தான் பிள்ளைமேல் கைவைத்து ஜெபிப்பாராம். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார்தான் பொங்கினார்.

"கொயந்த இப்டி கெடக்குது, உனுக்கு அந்த மணிதான் பெருசா கீதா? கழட்டு மொதல்ல."

"ஜெனிக்காக ஜெபிங்கன்னு உங்களக் கேட்டேனே அத்தை, அது பாவமா? அதையேதான் இயேசுவோட அம்மாகிட்டயும் கேக்கறேன்."

"நான் உசுரோட கீறேன். அவங்க செத்துப் பூட்டாங்க."

"உயிர்த்தெழுதல நம்பறவங்க பேசற பேச்சா அத்தை இது?"

பாஸ்டர் வாசலில் நின்றபடியே ஜெபித்துவிட்டுப் போனார். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அத்தையும் வீட்டுக்குக் கிளம்பினார். போனவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அது பிறகுதான் தெரியும்.

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேதத்தில் வரும் கானாவூர்க் கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்ததைப் பார்த்துத் தானாகவே மகன் இயேசுவிடம் போய்ச் சொன்னவள் அந்தத் தாய்தானே. அம்மா, இங்கே என் பிள்ளையே தீரப் பார்க்கிறாள், போய்ச் சொல் என்றேன். உன் மகன் சாவதை நீ நின்று பார்த்தாய், என்னால் அது முடியாது என்று கோபமாகவும் கேட்டேன்.

மறுநாள் காலை பரிசோதனையில் பிளேட்லெட் ஏறியிருந்தது. மத்தியானம் ஜெனி தோசை கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், ஜெனி குணமானதைச் சபையில் எல்லார் முன்பும் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார்கள். மரியாள் பேச்சை மட்டும் எடுக்காதே என்றார்கள். பல்லாவரத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்குப் போனால் அங்கே வேறு கதை. மாமியாரின் உபவாசத்தைச் சொல்லாதே, மாதாவின் மகிமை குறைந்துவிடும் என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குணமாக்கிய ஆண்டவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை, இவர்கள் யார் கேட்பதற்கு? உபவாசத்தைப் பல்லாவரத்தில் சொன்னேன். மாதாவைச் சபையில் சொன்னேன்.

பெயரைச் சொன்னவுடனே மைக்கை அணைத்தார்கள். நான் குரலை உயர்த்தினேன். முன்வரிசையிலிருந்து அத்தை எழுந்து வந்தார். இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"மாதா விஷயத்துல எனுக்கும் இவளுக்கும் ஒத்துவராது. ஆனா இவ பொய் சொல்லல. முடிக்கட்டும்."

முடித்தேன். இன்றைக்கும் எங்களுக்குள் அந்த விஷயத்தில் சண்டைதான். ஒரே கூரையின் கீழ் அவர் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலும் முழங்காலில் நிற்கிறோம். கஷ்டத்தில் இருக்கிற சகோதர சகோதரிகளே, யாருக்கும் பயந்து உங்கள் ஜெபத்தை மாற்றாதீர்கள். தைரியமாகக் கேளுங்கள், ஆண்டவர் தருவார். நம்பிக்கை வராவிட்டால் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஜெனி பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் நேரம் அது.