மைக் லூர்துராஜ் சாப்ளின் ஆனது

கள்ளக்குறிச்சியில் லூர்துராஜின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. நைனார்பாளையத்திலிருந்து பிழைக்க வந்து, பதினோரு வருடம் ஆட்டோவில் மைக் கட்டிச் சாவு அறிவிப்பு சொன்னவர். சர்க்கஸ், கும்பாபிஷேகம், பாத்திரக்கடைத் தள்ளுபடி எல்லாம்கூடச் சொல்லியிருக்கிறார்தான். ஆனால் ஊர் அந்தக் குரலைச் சாவோடு மட்டும் சேர்த்து வைத்திருந்தது. மளிகைக் கடையில் அவர் அரை கிலோ துவரம்பருப்பு கேட்டால்கூட, பக்கத்தில் நிற்பவர் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஒரு கணம் திடுக்கிடுவார்.

அப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் வேலைக்குக் கொண்டுபோனது ஒரு தப்பு. தியாகதுருகத்தில் ஒரே தெருவில் இரண்டு தைலம்மாள்கள் இருந்தார்கள். இறந்தது மேலண்டை வீட்டுத் தைலம்மாள். லூர்துராஜ் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டதோ கீழண்டை வீட்டுத் தைலம்மாளை. அந்த அம்மாள் அப்போது ரேஷன் கடை வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

மன்னிப்பு கேட்கப் போன லூர்துராஜை அந்த அம்மாள் திட்டவில்லை. உட்காரவைத்தார். தான் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டு யார் யார் அழுதார்கள், யார் அழவில்லை, எந்த மருமகள் முதல் வேலையாகப் பீரோ சாவியைத் தேடினாள் என்று மூன்று மணி நேரம் சொன்னார். தப்பு செய்தவர் குறுக்கே பேச முடியாதே. லூர்துராஜ் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து தொழிலில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். அறிவிப்புக்கு விவரம் எழுதும்போது வாயைத் திறப்பதில்லை. 'அப்புறம்' என்ற ஒரே வார்த்தைதான்.

அடுத்த மாதம் தைலம்மாள் கால் முறிந்து கச்சிராயபாளையம் ரோட்டு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிள்ளைகள் வேண்டாம், மைக்காரனைக் கூப்பிடுங்கள் என்றார். லூர்துராஜ் தினமும் போனார். அதைக் கவனித்தவர் சிஸ்டர் ஆனந்தமேரி. பெங்களூரில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். ஆஸ்பத்திரிக்கு ஒரு சாப்ளின் வேண்டும், நீங்கள் பயிற்சிக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

வீட்டில் போய்ச் சொன்னதும் மனைவி இஞ்ஞாசியம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அந்தக் கோணக்கால் மீசக்காரன் மாதிரி தடி வெச்சிகினு நடக்கணுமா? உனக்கு ஒடம்பு தாங்காது" என்றார்.

அது வேற சாப்ளின், இது சாமியார் மாதிரி, ஆனால் சாமியார் இல்லை, டாக்டர் மாதிரியும் இல்லை, படுக்கை ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று லூர்துராஜ் விளக்கினார்.

"உக்காந்துகினு இருக்கறதுக்கா பயிற்சி?" என்று கேட்டுவிட்டு இஞ்ஞாசியம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

பயிற்சி நானூறு மணி நேரம். சேருவதற்கு முன்னால் சொந்த வாழ்க்கையை ஐந்து பக்கம் எழுதித் தரவேண்டும். லூர்துராஜுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரே மாதிரியில்தான் எழுதத் தெரியும். நைனார்பாளையம் காலஞ்சென்ற சூசையின் மூத்த மகனும், இஞ்ஞாசியம்மாளின் அன்புக் கணவரும் என்று ஆரம்பித்து, கை போன போக்கில் 'காலமானார்' என்று முடித்து, நல்லடக்க நேரத்தையும் போட்டுவிட்டார். சிஸ்டர் அதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சேர்த்துக்கொண்டார்.

தொல்லை அதற்குப் பிறகுதான். தைலம்மாளிடம் வாய் மூடி உட்கார்ந்திருந்தவர், சாப்ளின் பயிற்சி என்றதும் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆண்கள் வார்டில் அவர் வாயைத் திறந்த முதல் நாள், குடலிறக்கத்துக்குப் படுத்திருந்த பொன்னுரங்கம் தலையணையை எடுத்துக் காதில் பொத்திக்கொண்டார். "ஏம்பா, எம்பேரச் சொல்லிட்டியா?" என்று மட்டும் தலையணைக்குள்ளிருந்து கேட்டார். இன்னும் இல்லை என்றார் லூர்துராஜ். அந்த 'இன்னும்' பொன்னுரங்கத்தின் ரத்த அழுத்தத்தை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. குரலைத் தாழ்த்துங்கள் என்றார் சிஸ்டர். தாழ்த்தினால் அது பேய்ப்படத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

வாரம் ஒரு அறிக்கை எழுதவேண்டும். ஒரு நோயாளியோடு பேசியதை ஒரு சொல்லும் விடாமல் மூன்று பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். நோயாளி சொன்னது, நான் சொன்னது, என் மனசில் ஓடியது. லூர்துராஜின் அறிக்கைகளில் நோயாளி பத்தியில் 'ம்' என்று இருக்கும். அவர் பத்தி இரண்டு பக்கம் ஓடும். ஒரு முறை நோயாளி பத்தியில் 'தூக்கம் வருது' என்று இருந்தது. மனசில் ஓடிய பத்தி எப்போதும் காலி. ஓடுவதற்கு முன்பே எல்லாம் வாய் வழியாக வந்துவிடும்.

ஐந்தாவது மாதம் சிஸ்டர் சிவப்புப் பென்சிலை மேசையில் வைத்தார். "லூர்துராஜ், இதுல நோயாளி எங்க இருக்காரு?" என்றார். ஒரே ஒரு அறிக்கையிலாவது நோயாளியின் பத்தி உங்கள் பத்தியைவிட நீளமாக இருக்கவேண்டும். இந்த மாதத்துக்குள் இல்லையென்றால் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார். ஆட்டோவையும் குழாய் ஸ்பீக்கரையும் லூர்துராஜ் ஏற்கெனவே மச்சானிடம் கொடுத்தாகிவிட்டது. திரும்பிப் போக இடமில்லை.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கல்வராயன் மலையிலிருந்து அம்மாசி வந்து சேர்ந்தார். சாமை விதைப்பவர், கடுக்காய் பொறுக்குபவர், வயது எழுபதோ எண்பதோ. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மூன்று நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒன்று, அந்த வார்டிலேயே லூர்துராஜின் குரலுக்குப் பயப்படாதவர் அவர்தான். மைக் ஆட்டோ மலை ஏறியதே இல்லை.

லூர்துராஜ் வழக்கம்போல ஆறுதலை ஆரம்பித்தார். அம்மாசி கையைக் காட்டி நிறுத்தினார். "நீ இன்னா வேல பாத்த? தொண்ட பெருசா கீதே."

"மைக்குல சாவு சொல்லுவேன், பெரியவரே."

அம்மாசி எழுந்து உட்கார்ந்தார். மூன்று நாளில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. "எனக்குச் சொல்லுவியா?"

அது நல்ல பேச்சில்லை, நீங்கள் நூறு வயசு இருப்பீர்கள் என்றெல்லாம் சொல்லவேண்டிய இடம். ஆனால் அதற்குள் லூர்துராஜின் கை தானாகக் காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டது. நோட்டைத் திறந்தார். பென்சில் காகிதத்தைத் தொட்டதும் வாய் மூடிக்கொண்டது, தைலம்மாள் பழக்கிவிட்ட பழக்கம்.

அம்மாசி அப்பா பேர் சொன்னார். அப்புறம் அம்மா பேர். முதல் சம்சாரம், அவள் புளி உலுக்கப் போனவள் அப்படியே வேறு ஊருக்குப் போய்விட்டது, இரண்டாவது சம்சாரம், அவள் வந்து இவரை வைத்துக்கொண்டது, தொடையைக் கீறிய கரடி, கரடியைத் துரத்திய நாய், அந்த நாயின் பேர். நாயின் பேரையும் எழுதச் சொன்னார். லூர்துராஜ் எழுதினார். அப்புறம்?

"தம்பி ஒருத்தன் கீறான். முனியன்னு பேரு. போடாத."

லூர்துராஜ் பென்சிலை நகர்த்தவில்லை. ஒரு பலாமரத்தின் பாத்தியதையில் வந்த சண்டை. இருபது வருடமாகப் பேச்சு இல்லை. மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குடிசை, அந்தப் பக்கம் ஒரு குடிசை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மாசி நோட்டில் நின்றிருந்த பென்சில் முனையைப் பார்த்தார்.

"சரி, போடு" என்றார் அம்மாசி. கொஞ்சம் கழித்து, "மொதல்ல போடு." அதற்கும் கொஞ்சம் கழித்து, "சின்னதாப் போடு."

எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார். அங்கேதான் லூர்துராஜ் கெட்டார். அறிவிப்பைப் படிக்க அவருக்கு ஒரு குரல்தான் உண்டு. எழுந்து நின்று, இடது கையைக் காதில் வைத்து, "முனியன் அவர்களின் அன்புச் சகோதரர் அம்மாசி அவர்கள்" என்று எடுத்து, "காலமானார்" என்று இழுத்து முடித்தார். குடலிறக்கம் திரும்ப வந்து இரண்டாம் தடவையாகப் படுத்திருந்த பொன்னுரங்கம் கட்டிலுக்கு அடியில் போனார். இரண்டு நர்சுகள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். புது டாக்டர் அம்மாசியின் நாடியைப் பிடித்தார். அம்மாசி மற்ற கையால் பன்னைப் பாலில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை சிஸ்டர் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, உயிரோடு இருந்த நோயாளியை வார்டிலேயே வைத்துச் சாகடித்ததாக நர்சுகளின் புகார். இன்னொன்று லூர்துராஜின் அறிக்கை. நோயாளியின் பத்தி பதினொரு பக்கம். அவருடைய பத்தியில் 'அப்புறம்' முப்பத்தேழு முறை. மனசில் ஓடிய பத்தியில் முதல் தடவையாக ஒரு வரி இருந்தது: மைக்கில் எப்படிச் சின்னதாகப் போடுவது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சிஸ்டர் அந்த வரியில் நின்றுவிட்டார். "தம்பி பேரப் போடாதன்னு சொன்னப்ப, நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல சிஸ்டர். எழுதறதுக்கு ரெடியா உக்காந்துகினு இருந்தேன்."

அப்போது வார்டிலிருந்து பெரிய அழுகைச் சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். முந்தைய நாள் வார்டில் யாரையோ பார்க்க வந்த ஒருவர் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, கடைசி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, செய்தியை மலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். முனியன் விடிந்ததும் கோடித்துணியும் மாலையுமாக முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். "அண்ணா" என்று அலறிக்கொண்டு உள்ளே நுழைந்தவர், கட்டிலில் பல் குச்சியோடு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து நின்றார்.

"நீ சாவலையா?" என்றார். இருபது வருடத்தில் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை.

"மால எதுக்குடா இவ்ளோ சின்னது?" என்றார் அம்மாசி.

ஒரு நிமிஷத்தில் பலாமரம் வந்துவிட்டது. வேர் யார் பக்கம், கிளை யார் பக்கம் என்று இருவரும் கத்தினார்கள். கத்தும்போதே முனியன் கட்டிலில் உட்கார்ந்து, தோளில் கிடந்த கோடித்துணியால் அண்ணன் வாயோர எச்சிலைத் துடைத்தார். இருவருக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு லூர்துராஜ் உட்கார்ந்தார். மரத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் எட்டு நல்ல யோசனைகள் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. சிஸ்டர் கதவோரம் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சான்றிதழ் கொடுத்துவிட்டார். கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: வார்டுக்குள் எதையும் உரக்க வாசிக்கக் கூடாது. சட்டம் போட்டு மாட்டிய அந்தக் காகிதத்தை இஞ்ஞாசியம்மாள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார், அந்தக் கடைசி வரியை மட்டும்.

அம்மாசி மலைக்குத் திரும்பும் நாளில் முனியன் ஒரே பிடியாக நின்றார். தன் பேர் அறிவிப்பில் எங்கே வருகிறது என்று தெரிந்தாக வேண்டும். படிக்கத் தெரியாது. லூர்துராஜ் சுற்றும்முற்றும் பார்த்தார். குனிந்து, முனியனின் காதோரம் வாயை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார், நாயின் பேர் உட்பட.

பக்கத்துக் கட்டிலில் பொன்னுரங்கம் தலையணையைக் காதிலிருந்து எடுத்தார்.

"சத்தமாத்தான் சொல்லேம்பா" என்றார் எரிச்சலாக. "இங்க ஒண்ணும் கேக்கல."