மழை இல்லை என்று சொன்ன குரல்

திண்டிவனத்தில் எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டு முறை என் குரலைப் பதிவு செய்வேன். மேல்மலையனூர் பக்கத்துச் சிறு விவசாயிகளின் போன்களுக்கு வாட்ஸ்அப்பில் அது போகும். எப்போது விதைக்கலாம், எப்போது மருந்து அடிக்கக் கூடாது, மழை வருமா வராதா. பருவம் தப்பிப்போன காலத்தில் அவர்களுக்குத் துணையாக இருப்பதுதான் எங்கள் வேலை.

ஓர் ஐப்பசியில், "நாலு நாளைக்கு மழை இல்லைங்க. மல்லாட்டை முத்தியிருந்தா தைரியமா புடுங்கலாம்" என்று பேசி அனுப்பினேன். வானிலைக் கணிப்பில் மழை இல்லை என்றுதான் இருந்தது. 'தைரியமா' என்பது மட்டும் நானாகச் சேர்த்தது.

ஒரு ஏக்கர் மானாவாரி நிலத்தில் நிலக்கடலை போட்டுத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, அதைக் கேட்டு மறுநாளே ஆள் விட்டு முழுவதையும் பிடுங்கினார். செடிகளை நிலத்திலேயே கவிழ்த்துக் காயப்போட்டார். அதற்கடுத்த நாள் மதியம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் நிலத்துக்குப் போனேன். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார். காய்கள் ஓட்டைப் பிளந்துகொண்டு வெள்ளையாய் முளை விட்டிருந்தன. அந்த மானாவாரிக் கொல்லை முழுக்கப் புளித்த வாடை.

"என்னாலதான்க்கா."

"நீங்க இன்னா மேடம் பண்ணுவீங்க? போன்ல வந்தத சொன்னீங்க."

அவர் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.

அடுத்த வருஷம் அறுவடை நேரத்தில் ஒரு காலையில் மறுபடி அங்கே போனேன். மேற்கே வானம் கறுத்திருந்தது. வரப்பில் ஏறும்போதே ஒரு பெண் பேசுவது கேட்டது. "நாலு நாளைக்கு மழை இல்லைங்க..."

என் குரல். நான் வாய் திறக்கவில்லை. அது பேசிக்கொண்டே இருந்தது. அக்கா போனைக் காதோரம் பிடித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லையில் இறங்கத் தயாராக நின்றார்கள்.

"அக்கா, நிறுத்துங்க! அது போன வருஷத்துது!"

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு எழுத்து தெரியாதே மேடம். அமுத்தினேன், பேசுச்சு. உங்க குரலாச்சேன்னு நம்பிக்கினு இருந்தேன். சரி, இப்ப மழை வருமா?"

புதிய கணிப்பைப் பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாம். "தெரியலக்கா" என்றேன். அந்த வேலையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக அதைச் சொன்னது அன்றுதான்.

"அப்ப ஜல்தியா பாதிய புடுங்கி, வூட்டுக்குள்ள போட்டுக்கிறேன். மீதி மண்ணுலயே இருக்கட்டும்."

நானும் இறங்கிப் பிடுங்கினேன். சாயங்காலம் மழை வந்தது. வீட்டுக்குள் போட்டது தப்பியது; மண்ணிலிருந்ததில் கொஞ்சம், பிடுங்குவதற்குள் முளைத்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு பதிவையும் தேதியும் கிழமையும் சொல்லித்தான் தொடங்குகிறேன். பழையதை அழிக்க வீடு வீடாகவும் போனோம். சிலர் அழிக்க விட்டார்கள். சில போன்கள் கை மாறிப் போயிருந்தன. யாரிடம் என்று எவருக்கும் தெரியவில்லை. கருமேகம் திரளும்போதெல்லாம், தெரியாத ஏதோ ஒரு கொல்லையில் யாரோ அந்தப் பழைய பதிவை அமுக்கிக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றும்.