தம்பியின் நடை

அலுவலகத்தில் அவளுக்குக் கேமராக்காரி என்று பெயர். கையில் ஒரு கேமராவும் கிடையாது. வீடியோ கேமில் சண்டைக்கும் சண்டைக்கும் நடுவே சினிமா போல ஓடும் காட்சிகளில், ஆளை எங்கிருந்து காட்டுவது என்று முடிவு செய்வது அவள் வேலை. அதில் அவள் புலி. விளையாடச் சொன்னால் மட்டும் முதல் சுவரிலேயே முட்டிக்கொண்டு நிற்பாள்.

கடைசிக் காட்சியில் வீரன் போரை முடித்துவிட்டு வீட்டை நோக்கி நடக்க வேண்டும். நடிகர் வராத ஒரு நாள், ஆபத்துக்குப் பாவமில்லை என்று சொந்தத் தம்பியையே இழுத்து வந்து, அசைவைக் கணினியில் பதிவு செய்வதற்காக உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிய உடுப்பை மாட்டி நடக்கவிட்டாள். வீரனின் முகம் வேறொருவர் வரைந்தது. வலது காலைச் சற்று இழுத்து வைக்கும் அந்த நடை மட்டும் தம்பியுடையது. சில மாதங்களில் லாரி மோதி அவன் போய்விட்டான்.

"அவன் நடக்கறத ஒரு தடவ பாத்துட்டா போதும்டி" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். காட்சிகளை அலுவலகத்தைவிட்டு வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. கேம் வெளிவரட்டும் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

வெளியீடு நெருங்கியபோது மேலாளர் அந்தக் காட்சியைக் கேம் ஆடும் கையடக்கக் கருவியில் ஓட்டிப் பார்த்தார். "டிவில நல்லாத்தான் இருக்கு. இதுல ஆள் எறும்பு மாதிரி தெரியறான். கிட்ட கொண்டு வாங்க. ரெண்டுக்கும் ஒரே காட்சிதான்."

அவர் சொன்னது நியாயம். சின்னத் திரையில் முகம்தான் பேசும் என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். கேமராவை நெருக்கினாள். வீரனின் கண்ணில் ஈரம் தெரிந்தது. பார்த்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. திரையில் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்பது அந்த மும்முரத்தில் அவளுக்கு உறைக்கவேயில்லை.

கேம் வெளிவந்ததும், கூட வேலை செய்பவர் ஒருவர் அவளுக்காகக் கடைசிக் கட்டம்வரை ஆடிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். காட்சி ஓடத் தொடங்கிய பிறகுதான், திரையில் கால்களே இல்லை என்பது மகளுக்கு உறைத்தது.

"யாருடி இது? நம்ம பையன் எப்ப வருவான்?"

"இவன்தாம்மா. முகம் வேற ஆளோடது. நடைதான் அவனோடது. கால் தெரியாதும்மா. நான்தான் மறைச்சுட்டேன்."

அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். முன்னால் குனிந்து பார்த்தாள். பிறகு திரும்பி, அழுதுகொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"ஆமாண்டி, அவனேதான்" என்றாள், முன்பின் தெரியாத அந்த முகத்தைக் காட்டி. "அப்படியே இருக்கான்."

அம்மா அதுவரை அவளிடம் பொய் சொன்னதே இல்லை.