கதவு தட்டிய டீச்சர்

அவளுக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. பெரிய கேன்டீன் ஒன்றின் பின்கட்டில், மூட்டை மூட்டையாக. "இதுல ஒரு வசதி, எதுக்கு அழுதாலும் யாரும் காரணம் கேக்க மாட்டாங்க" என்று சிரிப்பாள். சொந்த நாட்டுச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு எல்லை தாண்டி வந்தவள். இங்கே தங்க அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. மகளைப் பள்ளிக்கூடத் தெருமுனையோடு விட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். வாசலில் நிற்கும் காவலாளியின் சீருடையைப் பார்த்தாலே போலீஸ் என்று பயம்.

ஒருநாள் சீட்டு இல்லாதவர்களைப் பிடிக்கும் அதிகாரிகள் பக்கத்துத் தெருவில் புகுந்து, அவளோடு வேலை பார்த்த ஒருத்தியை வண்டியில் ஏற்றிப்போனார்கள். அதோடு மகளை இவள் வெளியே விடவில்லை. வாயாடி என்று பெயரெடுத்த எட்டு வயதுப் பெண் சத்தமில்லாமல் மூலையில் சுருண்டு கிடந்தாள்.

அந்த வாரமே கதவு தட்டப்பட்டது. மகளின் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் பதுங்கினாள்.

"ஏய் வாயாடி, இருக்கியா?" என்றது வெளியே ஒரு குரல்.

விரலிடுக்கு வழியாகவே பிள்ளை கத்திவிட்டது: "டீச்சர்!"

வேறு வழியில்லாமல் திறந்தாள். டீச்சர் உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, நீங்க எங்கேருந்து வந்தீங்கன்னு கேக்க வரல. அதை நாங்க யாரையும் கேக்கறதில்ல. பிள்ளை ஏன் வரல?"

"பள்ளிக்கூடத்துக்கே வந்து பிடிச்சுட்டா?"

"நீதிபதி உத்தரவு இல்லாம யாரையும் உள்ள விடமாட்டோம். பெரிய டீச்சர் கண்டிப்பா சொல்லிட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "வெளியில உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பிள்ளையை யாருகிட்ட ஒப்படைக்கட்டும்?"

இத்தனை வருஷமும் தன்னிடமே கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வி. கண் கலங்க, "மாடி வீட்டு அக்காகிட்ட" என்றாள். சொன்ன பிறகு மூச்சு சீராக வந்தது.

பள்ளி நூலகத்தில் சனிக்கிழமை ஒரு வக்கீலம்மா இலவசமாக ஆலோசனை சொல்வார் என்றாள் டீச்சர். அந்தச் சனிக்கிழமையே இவள் போனாள். வாசலில் சீருடையைக் கண்டதும் திரும்பி நடக்கப் பார்த்தாள். காவலாளி தொப்பியைக் கழற்றினார்.

"வாயாடி அம்மாதானே? டீச்சர் சொன்னாங்க. உள்ள போம்மா. அவ இல்லாம வாசலே வெறிச்சோடிக் கிடக்கு."

சீருடை தரும் பயத்தை அன்று பெரிய டீச்சரிடமே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை காவலாளி சாதாரணச் சட்டையில் நின்றார். மகள் அவரிடம் கதை அளந்துகொண்டே உள்ளே போனாள்.

அடைக்கலம் கேட்டு வக்கீலம்மா போட்ட வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவள் இப்போது தெருமுனையில் நிற்பதில்லை. போன வாரம் கேன்டீனில் பாத்திரம் கழுவும் இரண்டு பெண்களையும் வக்கீலம்மாவைப் பார்க்கக் கூட்டிவந்தாள். அவர்கள் வாசலில் தயங்கி நின்றார்கள்.

"அட, வாங்கடி! நான் இருக்கேன்ல" என்று இருவர் கையையும் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.