இறந்தவர்கள் பட்டியலில் ஐந்தாவது பெயர்: மயிலாப்பூருக்கு ஒரு நாள் பயணம்

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு தேவாலயத்தில், செத்துப்போன எனக்காகப் பூசை வைக்கிறார்கள். இது போன மாதம்தான் எனக்கே தெரிந்தது. கொட்டிவாக்கத்தில் இருக்கும் மச்சாள் தற்செயலாக அந்தப் பூசைக்குப் போயிருக்கிறாள். "எடியே, உபதேசியார் உன்ர பேரை மாமான்ர பேரோட சேத்து வாசிச்சவர். எனக்கு ஈரக்குலை நடுங்கிப் போச்சு" என்றாள். அவள் மாமா என்றது என் அப்பாவை; அப்பா பெயரோடு வாசித்தால் அது நான்தான். விசாரித்தால், பட்டியல் கொடுப்பவர் எங்கள் இரண்டாம் வகுப்பு டீச்சர். அவர் உயிரோடு இருப்பது எனக்குத் தெரியாது, நான் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியாது. நேரில் போய்ச் சொல்லிவிடுவோம் என்று அன்றே டிக்கெட் போட்டேன்.

புதிதாக வருபவர்களுக்கு: இலங்கையில், எங்கள் கடலோர ஊரின் ஆரம்பப் பள்ளி மீது போர்க்காலத்தில் விமானம் குண்டு போட்டது. இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போன நேரம். எனக்கு ஏழு வயது. அன்று மாலையே அப்பா எங்களைப் படகில் ஏற்றிவிட்டார். ராமேஸ்வரம், முகாம், பிறகு திருச்சி. கோயில், அருவி, பரோட்டா என்று இந்த வலைப்பூவில் எழுதித் தள்ளிய நான், அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ரயில் காலை நாலரைக்கு எழும்பூர் வந்தது. மயிலாப்பூருக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 280 ரூபாய்.

"மெட்ரோக்கு ரோடு பூரா நோண்டி வச்சிக்கிறாங்கம்மா, சுத்திக்கினுதான் போவணும். காலங்காத்தால சர்ச்சுல இன்னா விசேஷம்? யாருக்குனா பூசையா?" என்றார் ஓட்டுநர்.

"எனக்குத்தான்."

"பர்த்டேவா? நல்லா இரும்மா!"

ஆறு மணிப் பூசைக்கு முன் உபதேசியார் பன்னிரண்டு பெயர்களை வாசித்தார். முன்வரிசையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, காகிதம் இல்லாமலே ஒவ்வொரு பெயருக்கும் வாயசைத்தார். என் பெயர் ஐந்தாவது. சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. ஆறாவது ரதி. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள்.

பூசை முடிந்ததும் வாசலில் மறித்தேன். "டீச்சர், நான் ஜெயசீலி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என் மோவாயைப் பிடித்துப் பார்த்தார். "அண்டைக்கு நீ வந்தனீ. நான் வரவு போட்டனான்."

"இடைவேளைக்கு வேலியால வீட்டுக்கு ஓடிட்டன், டீச்சர். கணக்குக் கொப்பி கொண்டு வரேல்ல. அடி விழும் எண்டு பயம்."

முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. "கழுதை! சொல்லாமக் கொள்ளாம ஓடுறதோ? இவ்வளவு வருசமா உனக்கு அழுறனடி!" அடித்த கையாலேயே கட்டிக்கொண்டார். அடுத்த பூசைக்கு வந்தவர்கள் பார்க்க, இருவரும் அழுதோம்.

ஒன்பது மணிக்குப் பங்கு அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாக என் பெயரை அடிக்கச் சொன்னார். "ஏன் டீச்சர்?" என்றார் அங்கிருந்தவர். "ஆள் வந்திட்டா. அவவுக்கு நன்றிப் பூசை எழுதுங்கோ."

பக்கத்து மெஸ்ஸில் இரண்டு பொங்கல், இரண்டு காபி, 190 ரூபாய். பொங்கல் பிரமாதம், ஆனால் சாப்பிட்ட நினைவில்லை; டீச்சர் சொன்னதுதான் நினைவிருக்கிறது. குண்டு விழுந்த அன்று டீச்சர் வகுப்பிலிருந்து காப்பாற்றிய ஒரே பொருள் வரவு எழுதும் இடாப்பு. பிறகு ஊரே சிதறிவிட்டது. காலையில் வரவு இருந்து, அதன்பின் யார் கண்ணிலும் படாதவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களைச் செத்தவர்கள் என்று எடுத்துக்கொண்டார். இடாப்பில் வரவு இருந்தால் பிள்ளை வகுப்பில் இருந்தது என்றுதானே ஒரு டீச்சர் நம்புவார்?

திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப மற்றப் பதினொரு பேரும்?"

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். பொய்யான நம்பிக்கையோடு அவரை அனுப்ப மனம் வரவில்லை.

"ரதி இல்ல, டீச்சர். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சிருந்தது தெரியாம அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஓடினவர். நானெண்டு நினைச்சு அவளைத்தான் தூக்கினவர். உயிர் இல்லையாம். சாகும்போதுதான் எனக்குச் சொன்னவர்."

டீச்சர் ஆறிப்போன காபியை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி. ரதிக்குப் பூசை வைப்பம். மற்றப் பத்துப் பேரையும் தேடி உன்ர வலைப்பூவில நீ எழுது" என்றார். எழுதுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஐந்தே முக்காலுக்கே போய்விடுங்கள், பெயர்களைப் பூசைக்கு முன்பே வாசித்துவிடுகிறார்கள். மெட்ரோ வேலையால் ஆட்டோவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இனி வருவது பத்துப் பேருக்கு மட்டும்.

சுகந்தினி, மரியதாஸ், கேதீஸ், புஷ்பராணி, யூட், வசந்தன், கலைச்செல்வி, சின்ன அன்ரன், தவமலர், பிரதீபன். நீங்களும் அன்று வேலி தாண்டி ஓடியிருந்தால், கீழே ஒரு வரி எழுதுங்கள். டீச்சர் உங்கள் முதுகில் ஒன்று வைப்பார். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.