பனிமலை எல்லையில் கால் டேங்க் பெட்ரோல்

மகள் ஆயிஷாவுக்குப் பனிச்சறுக்கு காட்டவேண்டும் என்று பொங்கல் விடுமுறையில் காரைக்காலிலிருந்து புறப்பட்டு, பிரான்சின் துலூஸ் நகரில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டரில் அந்தோரா. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே ஒட்டிக்கிடக்கும் குட்டி மலைநாடு. பஸ் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையோடும் அண்ணன் கொடுத்த சறுக்குக் கட்டைகளோடும் பஸ் ஏற நான் தயாரில்லை. ஓட்டப் போவதும் நான்தான்.

விமான நிலையத்திலேயே வாடகைக் கார் எடுத்தோம். ஆட்டோமேட்டிக், பெட்ரோல், வாரத்துக்கு 340 யூரோ. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கியிருந்தேன். குளிர்கால டயரை முன்பதிவிலேயே கேட்டுவிடுங்கள். சமவெளி ஊரில் கேட்காமல் தரமாட்டார்கள். வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். நம் பஸ் ஸ்டாண்டு முனையில் ஓட்டியவர்களுக்கு அந்த ஊர் ரவுண்டானா ஒரு பொருட்டே இல்லை.

ஊர் சுற்றியதிலும் மலையடிவாரம் வரை வந்ததிலும் டேங்க் கால்வாசிக்கு இறங்கியிருந்தது. மலையேறுமுன் அடிவாரத்து ஊரில் பங்க்கைக் கண்டு நிறுத்தப் போனேன். கணவர் சலீம் விடவில்லை.

"அந்தோராவுல பெட்ரோல் சல்லிசுன்னு மச்சான் சொன்னாருல்ல? எல்லை தாண்டிப் போட்டுக்கலாம், நீ ஓட்டு."

காரைக்கால் எல்லையான வாஞ்சூரைத் தாண்டித் தமிழ்நாட்டின் கூடுதல் விலையில் பெட்ரோல் போட நேர்ந்தால் நாள் முழுக்கப் புலம்பும் மனிதர். சிரித்துக்கொண்டே பங்க்கைத் தாண்டினேன்.

எல்லைக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில் வண்டிகள் நின்றுவிட்டன. பனி கொட்டியது. ஹீட்டருக்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, பெட்ரோல் விளக்கு எரிந்தது. காவலர் ஒருவரிடம் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் விசாரித்தேன். மேலே பாதையை மூடியாயிற்று, எப்போது திறக்கும் என்று தெரியாது என்றார். சலீம் இன்ஜினை அணைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஆயிஷா அழ ஆரம்பித்தாள். "உம்மா, கால் விரலு வலிக்குது."

"இன்னும் நாலு கிலோமீட்டர்தான்," என்றார் சலீம்.

"நாலு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் இருக்குங்க. இப்படியே நின்னா எத்தனை மணி நேரத்துக்கு இருக்குன்னு சொல்லுங்க," என்றேன்.

காவலருக்குச் சைகை காட்டி வண்டியைத் திருப்பினேன். கீழே இருந்த ஊர் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். கியரைத் தாழ்த்தி, ஆக்சிலரேட்டரை முடிந்தவரை தொடாமல் இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வந்தேன். பங்க்கில் வண்டி நின்றதும் சலீம் இறங்கி, நான் சொல்லாமலே டேங்க்கை நிரப்பினார். பிறகு பின்சீட்டில் ஏறிப் பிள்ளையின் பாதங்களைத் தேய்த்தார். அழுதுகொண்டிருந்தார்.

மலையேறுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அடிவாரத்துக் கடைசி ஊரில் என்ன விலை என்றாலும் டேங்க்கை நிரப்புங்கள். போர்வை, தண்ணீர், பிஸ்கட் டிக்கியில் வேண்டாம், கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாதை திறந்திருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள்.

அன்றிரவு அடிவாரத்து ஊரிலேயே தங்கினோம். மறுநாள் மதியம் பாதை திறந்தது. எல்லை தாண்டியதும் வரிசையாகப் பங்க்குகள், விலை நிஜமாகவே சல்லிசு. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். சலீம் ஒரு விலைப் பலகையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆயிஷாவின் கால்களை மடியில் வைத்துப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.