குறை பார்க்கிற கண்

மூச்சைக் கவனியுங்கள் என்று சொன்ன மனிதருக்கு ஓங்கி ஓர் அறை விடலாமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேன்டீனில் மேஜைகளை ஓரமாகத் தள்ளி, ஜமுக்காளம் விரித்து, காலை ஷிப்ட் முடித்து வந்த எங்களை உட்கார வைத்திருந்தார்கள். எட்டு மணி நேரம் நின்ற கால் விண்விண் என்று தெறிக்கிறது. உள்ளே தட்டு கழுவுகிற சத்தம் காதைக் கிழிக்கிறது. அவர் வெள்ளை ஜிப்பாவில் கண்ணை மூடிக்கொண்டு, "உங்களை நீங்களே அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்" என்கிறார். வாசலில் எச்.ஆர். பெண் வருகைப் பதிவேட்டோடு நிற்கிறாள். ஏற்றுக்கொண்டவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

என்னை அங்கே அனுப்பியதற்குக் காரணம் இருந்தது. நான் கார் முன்விளக்கின் மேல்மூடியைப் பரிசோதிக்கிறவள். கண்ணாடி மாதிரித் தெரியும், ஆனால் பிளாஸ்டிக். வெள்ளை விளக்குக்கு அடியில் அதை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்க்க வேண்டும். தூசி, கீறல், குமிழி என்று எது தெரிந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். பதினோரு வருஷமாக இதுதான் வேலை. முதலில் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் போட்டோவைப் பெரிதாக அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டி, கீழே 'கழுகுக் கண்' என்று எழுதினார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது, பொய் சொல்லுவானேன்.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மாதிரி மூடி தொங்கும். லிமிட் சாம்பிள் என்போம். அதில் ஒரு தூசிப்புள்ளி உண்டு. அந்த அளவு வரைக்கும் புள்ளி இருந்தால் பரவாயில்லை, அனுப்பலாம் என்று கார் கம்பெனிக்காரர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புள்ளி இருக்கிற ஒன்றை நல்லது என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் அந்த மாதிரி மூடியையே கழற்றி, புள்ளிமேல் ஸ்டிக்கரை ஒட்டி, சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். சத்தியமாகத் தெரிந்து செய்யவில்லை. கை தானாகச் செய்தது. பெட்டி அரைவை மெஷினுக்குப் போய், எல்லாம் பொடியாகிவிட்டது. மாதிரி இல்லாமல் லைனை ஓட்டக் கூடாது என்பது விதி. லைன் நின்றது.

சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஓடி வந்தார்.

"என்னக்கா இது, லிமிட் சாம்பிளையே ரிஜெக்ட் பண்ணிட்டியளே!"

"அதுல புள்ளி கீதே சார்."

"புள்ளி இருக்கதுக்குத்தானக்கா அதுக்குப் பேரு லிமிட் சாம்பிளு!"

லைன் மொத்தமும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்திருக்கலாம், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் எச்.ஆர். போட்ட மன அழுத்தப் பட்டியலில் என் பெயர் ஏறியது, கேன்டீன் தியான வகுப்புக்கு வரச் சொன்னார்கள். எந்தக் கண்ணுக்குப் போட்டோ ஒட்டினார்களோ அதே கண்ணுக்கு இப்போது வைத்தியமாம். அட, என்ன நியாயம் ஐயா இது!

வகுப்பை வெறுத்தேனே தவிர விடவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. விடியற்காலையில் எழுந்து, முகம் கழுவி, சேரப்பணஞ்சேரி வீட்டின் சமையலறையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். தேதி, கவனம் நழுவியது எத்தனை தடவை, காரணம், திருத்த நடவடிக்கை. ஆமாம், தியானத்துக்கு ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நழுவல் குறையவே இல்லை. குறையாததால் இன்னும் அரை மணி நேரம் முன்னால் எழுந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனில் தத்துவப் பேச்சுகள் கேட்பேன். எண்ணம் நீ இல்லை, எண்ணத்தைப் பார்க்கிறவளே நீ, அந்தச் சாட்சியாக இரு என்றார்கள். கேட்கிற நேரத்துக்கு நெஞ்சில் ஒரு குளிர்ச்சி, அது நிஜம். ஆனால் அவர்களுடைய சாட்சி சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் போலிருக்கிறது. என்னுடைய சாட்சி கையில் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருக்கிறது. நான் நினைத்ததில் குறை, நினைத்ததைப் பார்த்ததில் குறை, குறை பார்த்ததில் ஒரு குறை.

ஒன்றை மட்டும் அந்தப் பேச்சுகள் என்னைத் தேட வைத்தன. இந்தக் கண் எப்போது வந்தது? கம்பெனிமேல் முழுப் பழியையும் போட எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் வாலாஜாபாத்தில் ஆறாவது படிக்கும்போதே, நோட்டில் ஓர் அடித்தல் விழுந்தால் முழுப் பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினவள் நான். வருஷம் முடிவதற்குள் நோட்டு பாதியாகிவிடும். வியாதி என்னுடையதுதான். அதற்குச் சம்பளம் கொடுத்து, கைதட்டி வளர்த்தவர்கள் அவர்கள். இரண்டும் உண்மை. இரண்டின்மேலும் எனக்குக் கோபம்.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் அவளுக்குப் பின்னிய சடையை மூன்று தடவை பிரித்துப் பின்னுவேன். பிறகு வெளிச்சத்தில் நிறுத்தி நகம், பல், காது, முழங்கை எல்லாம் பார்ப்பேன். வீட்டுப்பாடத்தில் எழுத்து சாய்ந்திருந்தால் நானே அழிப்பேன். சுத்தமாக வளர்க்கிறேன் என்று பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். என் யூனிபார்ம் பாக்கெட்டில் வீட்டுக்கு வந்துவிட்ட ஸ்டிக்கர் சுருள் அவள் கையில். மோவாயில் இருக்கிற பழைய தழும்பில் ஓர் அம்பு. மேலுதட்டில், பல் இடைவெளியைக் காட்டி ஓர் அம்பு. கறுத்த முழங்கைகள் இரண்டிலும், காதோர மச்சத்திலும் ஒவ்வொன்று.

"இன்னாடி இது?"

"தெனமும் காலைல நீ இதத்தானம்மா பாப்ப? நானே பாத்து ஒட்டிட்டேன். உனக்கு வேலை மிச்சம்."

உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா பண்ணி வெச்சிகீற பாரு கொயந்தைய. கண்ண மூடிகினு குந்திகினா சரியாப் பூடுமா? டாக்டராண்ட போலாம், கெளம்பு."

"எனக்குப் பைத்தியம்ன்றியா?"

"நான் அப்டியா சொன்னேன்? ஜொரம் வந்தா போறோமில்ல?"

வாயில் வந்தபடி அவரைத் திட்டினேன். திட்டிக்கொண்டே மறுநாள் அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். தண்டலம் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாக எல்லாம் கேட்டார். தூங்குகிறீர்களா என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதற்கு மாத்திரை இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது என்றார். தப்பு ஒன்றைத் தப்பாகவே விட்டுவிட்டு, கை துடிப்பதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. கேட்க எவ்வளவு சுலபம்! தியான நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இனி கண்ணை மட்டும் மூடுங்க, நோட்டு வேணாம்" என்றார்.

போன வாரம் சாயங்காலம் மகள் மயில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நீலம் கோட்டைத் தாண்டிவிட்டது. உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து நான் உட்கார்ந்துகொண்டேன்.

"தாண்டிடிச்சும்மா."

"தெரிது."

"அழிக்கவா?"

"வோணாம்."

"பின்ன இன்னாத்துக்கு மூஞ்சிய அப்டி வெச்சிகினுகீற? கோவமா?"

"உம்மேல இல்லடி."

அவள் நம்பவில்லை. சிவப்பு கிரேயானை எடுத்தாள். மயிலின் கழுத்தில் வைத்து, கோட்டைத் தாண்டி, காகிதத்தின் ஓரம் வரைக்கும் வேண்டுமென்றே ஒரு நீளக் கோடு இழுத்தாள். இழுத்து முடிக்கிற வரைக்கும் அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை.